மாசமாக இருக்கும்போது சாராயம்: பிள்ளைக்கு என்ன ஆகும், யாரிடம் சொல்வது, என்ன செய்வது?

கர்ப்பம் என்று பதிவு செய்யப் போனால் எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். "ஏதாவது குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்ற ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. நம் பக்கத்துப் பெண்கள் குடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒரு காரணம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இன்னொன்று.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் கால்வாசிப் பேர் குடிக்கிறார்கள். பெண்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் இது, வீடு தேடி வந்து கேட்டவரிடம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு. நாள் முழுக்கச் சட்டி சுமந்துவிட்டு, உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லும் கட்டட வேலை அக்காக்கள் மதுரையைச் சுற்றி இருக்கிறார்கள். செங்கல் சூளையில் இருக்கிறார்கள், நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களில் இருக்கிறார்கள். ஆபீஸ் பார்ட்டியில் ஒரு கிளாஸ் ஒயின் எடுத்துக்கொள்கிற பெண்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதே அவர்களுக்கு ஆபத்தாக முடிகிறது. யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை, பிள்ளைக்கு என்ன வந்தது என்று கடைசிவரை தெரியாமலே போகிறது. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப் போவது ஒன்றுதான்: கேளுங்கள், சொல்லுங்கள். மருத்துவம் அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.

படி 1: சாராயம் பிள்ளையிடம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நஞ்சுக்கொடி எல்லாக் கெட்டதையும் வடிகட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாராயத்தை அது தடுப்பதே இல்லை. தாய் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தாயின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு வயிற்றுப்பிள்ளையின் ரத்தத்திலும் வந்துவிடுகிறது. தாய்க்கு அதை உடைத்து வெளியேற்ற வளர்ந்த கல்லீரல் இருக்கிறது. பிள்ளையின் கல்லீரலில் சாராயத்தை உடைக்கும் நொதி இன்னும் போதிய அளவு சுரக்கவில்லை. பிள்ளை சிறுநீராகக் கழிப்பதும் பனிக்குட நீரில்தான் சேர்கிறது, அந்த நீரையே பிள்ளை மறுபடி விழுங்குகிறது. தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் உள்ளே தெளியாமல் கிடக்கும்.

அந்தச் சாராயம் என்ன செய்கிறது? உருவாகிக்கொண்டிருக்கும் செல்களைக் கொல்கிறது. மூளைச் செல்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்து போகும் வழியைக் குலைக்கிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. போலிக் அமிலம், துத்தநாகம் போன்ற சத்துகள் பிள்ளைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் கெடுக்கிறது.

எந்த மாதத்தில் ஆபத்து அதிகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் முகம், இதயம், சிறுநீரகம் எல்லாம் உருவாகின்றன. அப்போது குடித்தால் உறுப்புக் குறைபாடு வரலாம். கடைசி மூன்று மாதத்தில் பிள்ளை வேகமாக எடை போடும், அப்போது குடித்தால் வளர்ச்சி குன்றும். மூளை மட்டும் முதல் மாதம் தொடங்கிப் பிரசவம் வரை இடைவிடாமல் வளர்கிறது. அதனால் குடிக்கப் பாதுகாப்பான மாதம் என்று ஒன்று இல்லை. இதே காரணத்தால், எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மை உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்துவிட்டது, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அன்றைக்கு நிறுத்தினாலும் மிச்சமுள்ள வாரங்கள் முழுக்கப் பிள்ளையின் மூளைக்குக் கிடைக்கும்.

பிரான்சின் நான்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் கண்ட குறைபாடுகளைப் பற்றி 1968-ல் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே அடையாளங்களை விவரித்து 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' (வயிற்றில் இருக்கும்போது சாராயத்தால் பிள்ளைக்கு வரும் குறைபாடுகளின் தொகுப்பு) என்று பெயர் வைத்தார்கள். லேசான பாதிப்பு முதல் கடுமையான பாதிப்பு வரை எல்லாவற்றையும் சேர்த்து இன்று எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிசார்டர்) என்கிறார்கள். கர்ப்ப காலத்தில் குடித்த பெண்களில் 13 பேருக்கு ஒருவர் வீதம் இப்படிப் பாதித்த பிள்ளையைப் பெறுகிறார் என்று 2017-ல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. குடித்த எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

கருச்சிதைவு, வயிற்றிலேயே பிள்ளை இறப்பது, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் குடியால் கூடுகிறது.

படி 2: எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

"பீருதானே", "ஒயின் பழச்சாறு மாதிரிதானே" என்ற பேச்சை இந்தக் கணக்கு ஓரம்கட்டிவிடும். பிராந்தியில் கிட்டத்தட்ட 43 சதவீதம் சாராயம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அதை இருவர் பங்கு போட்டால், அதாவது ஒரு கட்டிங்குக்கு, ஆளுக்கு 30 கிராம். 650 மில்லி பீர் பாட்டில் சாதா வகை என்றால் 25 கிராம், ஸ்ட்ராங் என்றால் 40 கிராம் வரை. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் ஒரு கட்டிங்கைவிட அதிகம். கள்ளு இயற்கையானது, உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். புளித்த கள்ளிலும் பீர் அளவுக்குச் சாராயம் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்கு பிராந்தி, ஒயின், கள்ளு எல்லாம் எத்தனால் என்ற ஒரே சாராயம்தான். ஒரே மூச்சில் நிறையக் குடிப்பது இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் ரத்தத்தில் அளவு சட்டென்று உச்சிக்குப் போகிறது. கொஞ்சமாகக் குடித்தால் பரவாயில்லை என்று சொல்லவும் யாரிடமும் ஆதாரம் இல்லை. கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று எதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை.

பாட்டிலில் இல்லாமல் வேறு வழியில் வருவதையும் கவனியுங்கள். கறி விருந்துக்குப் போன இடத்தில் "ஒரு மடக்கு குடி, சீரணம் ஆகும்" என்று நீட்டுவார்கள். சளிக்கு வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அரிஷ்டம், ஆசவம் எனப்படும் ஆயுர்வேத மருந்துகள் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் தானாக ஊறும் சாராயம் 12 சதவீதம் வரைகூட இருக்கலாம். பாட்டில் சீட்டைப் படியுங்கள், வைத்தியரிடம் கர்ப்பம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சில இருமல் சிரப்புகளிலும் சாராயம் கலந்திருக்கும்.

படி 3: தெரியாமல் குடித்திருந்தால்

நாள் தள்ளிப்போவது தெரிவதற்குள் கரு உருவாகி இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதற்கு முன் ஒரு கல்யாணத்திலோ திருவிழாவிலோ குடித்திருக்கலாம். இதற்காகக் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் எதையாவது வாங்கிக் குடிக்கவும் செய்யாதீர்கள். அன்றே நிறுத்துங்கள். 12 வாரத்துக்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். எந்தத் தேதி வாக்கில், எதை, எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். போலிக் அமில மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தையும் தலையின் அளவையும் கூடுதல் கவனத்துடன் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் நார்மல் என்றால் உறுப்பமைப்பு சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். மூளை எப்படி வேலை செய்யும் என்பதை ஸ்கேன் காட்டாது. அதனால் பிறந்த பிறகும் கவனிப்பு வேண்டும்.

படி 4: தினமும் குடிக்கிறவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது

இந்தப் படியைத் தவறாமல் படியுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். பல மாதமாக, தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி ஆரம்பிக்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சல் ஏறும் நிலைகூட வரலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து.

ஆகவே இவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. கர்ப்பம், தினசரிக் குடி இரண்டையும் ஓ.பி. சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். நடுக்கமோ வலிப்போ ஏற்கனவே தொடங்கிவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் 'குடி நிறுத்தும் பொடி' விற்கிறார்கள். டைசல்ஃபிராம் மாத்திரையை இப்படிப் பொடித்துக் கலப்பதும் நடக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் படுத்துவிடும். கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மாமியாரோ கணவரோ நல்லது நினைத்துச் செய்தாலும் அது கொலைக்குச் சமமான காரியம்.

எப்போதாவது குடிப்பவர், இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்தாலும் எந்த நடுக்கமும் வராதவர், இன்றே வீட்டிலேயே நிறுத்திவிடலாம்.

படி 5: கேட்கும் விதம், சொல்லும் விதம்

கிராம சுகாதார செவிலியர்களுக்கும், கர்ப்பிணியின் அம்மா, அக்கா, மதினிமாருக்கும் இந்தப் பகுதி. "நீ குடிப்பியா?" என்று நேரடியாகக் கேட்டால் "ஐயையோ இல்லை" என்றுதான் பதில் வரும். கூடவே மாமியார் நின்றால் அதுவும் வராது. தனியாக இருக்கும்போது, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

"ஏம்மா, வேலைக்குப் போயிட்டு வந்தா ஒடம்பு வலிக்குமே, ராத்திரி தூங்க ஏதாச்சும் குடிப்பியா? பிராந்தி, பீரு எதுனாலும் சொல்லு, நான் வைய மாட்டேன்."

"எப்பவாச்சும்தான் நர்சம்மா."

"எப்பவாச்சும்னா வாரத்துல எத்தன நாளு? கடைசியா என்னைக்குக் குடிச்ச?"

"முந்தாநாளு. அவரு வாங்கிட்டு வந்தாரு."

"சரித்தா. சொன்னியே, அதுவே நல்லது. இனி நாம பாத்துக்கிறலாம்."

இந்த உரையாடலில் "எத்தனை நாள்", "என்றைக்கு" என்ற கேள்விகள் குற்றம் சாட்டுவதில்லை. கர்ப்பிணிகளுக்கென்றே 1989-ல் வகுக்கப்பட்ட நான்கு கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. எவ்வளவு குடித்தால் உனக்கு ஏறும்? நீ குடிப்பதைப் பற்றி யாராவது குத்திப் பேசி எரிச்சல் வந்திருக்கிறதா? குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் நேராகப் படி 4-க்குப் போங்கள்.

சொல்ல வேண்டிய பெண்ணுக்கு: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஊரெல்லாம் தெரிந்துவிடும், மகப்பேறு உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றெல்லாம் தோன்றும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு இருக்கும் நிபந்தனைகள் பதிவு, பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி பற்றியவை. குடியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவருக்குக் கடமை. நேரில் சொல்ல முடியாவிட்டால் முதலில் போனில் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். 14446 போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண். மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

யாராவது திட்டி அனுப்பினால் அதோடு விட்டுவிடாமல் அடுத்தவரிடம் போங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று மருத்துவரே பார்க்கும் சிறப்புப் பரிசோதனை 2016 முதல் நடக்கிறது. அன்றைக்குக் கேட்கலாம்.

படி 6: வீட்டை மாற்றுங்கள்

மாசமாக இருப்பவள் குடிக்கிறாள் என்றால் பெரும்பாலும் அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறொருவர். கணவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: இந்தப் பத்து மாதம் வீட்டுக்குள் சரக்கு கொண்டுவராமல் இருக்க முடியாதா? நீங்கள் குடித்தால் உங்கள் மனைவியின் வயிற்றுப்பிள்ளைக்கு நேரே சாராயம் போகாது என்பது உண்மைதான். ஆனால் முட்டைக்கும் பழத்துக்கும் இருந்த காசு போகிறது. குடித்துவிட்டு வயிற்றில் விழுந்த ஒரு அடியில் நஞ்சுக்கொடி பிரிந்து பிள்ளை இறந்துபோவதும் உண்டு. அடி விழும் வீடு என்றால் 181 பெண்கள் உதவி எண். அம்மா வீட்டுக்கு ஏழாம் மாதத்தில்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மூன்றாம் மாதமே போகலாம்.

உடம்பு வலிக்காகக் குடிப்பவருக்கு வலியைத் தீர்க்காமல் குடியை மட்டும் பிடுங்கினால் நிற்காது. சுமை தூக்குவதை நிறுத்த வேண்டும், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வலிக்கு எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

படி 7: பிரசவமும் முதல் வாரமும்

பிரசவ அறைக்குள் போகும்போது அங்குள்ள டாக்டரிடமோ நர்சிடமோ மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். கர்ப்பம் முழுக்க மறைத்திருந்தாலும் இங்கே சொல்லிவிடுங்கள். பிறந்த குழந்தைக்குச் செய்ய வேண்டியது இதை வைத்துத்தான் மாறுகிறது.

கடைசி வாரங்களில் தாய் குடித்திருந்தால், பிறந்த முதல் ஓரிரு நாளில் குழந்தைக்கு நடுக்கம், நிறுத்தாத அழுகை, தூக்கமின்மை, பாலைச் சப்ப முடியாமை, சில சமயம் வலிப்பு வரலாம். இதைச் 'சீர்' என்றோ 'தோஷம்' என்றோ நினைத்து மந்திரிக்கத் தூக்கிப் போகாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எடை இரண்டரை கிலோவுக்குக் குறைவா என்று கேளுங்கள். தலைச் சுற்றளவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணமாக 33 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், ஏனென்றால் இதய அறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்க வாய்ப்பு உண்டு. காதுப் பரிசோதனையும் வேண்டும். முகத்தில் மூன்று அடையாளங்களை மருத்துவர் தேடுவார்: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் தட்டையாக இருப்பது, மேலுதடு மெல்லியதாக இருப்பது, கண் திறப்பு சின்னதாக இருப்பது. பச்சைக் குழந்தையிடம் இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு முகத்தில் எதுவுமே தெரியாது.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பதைவிடச் சிறந்த இன்குபேட்டர் வீட்டில் கிடையாது. அப்பாவும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

படி 8: பால் கொடுக்கும் காலம்

பீர் குடித்தால் பால் ஊறும் என்பது பொய். சாராயம் பால் இறங்குவதைக் குறைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் அளவு பாலிலும் இருக்கும், குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். பத்து கிராம் சாராயம் தீரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் சீக்கிரம் போய்விடும் என்பதும் தவறு. குடிக்காமல் இருப்பதே வழி, ஆனால் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டதற்காகத் தாய்ப்பாலையே நிறுத்திவிடாதீர்கள். நேரம் கடந்தபின் கொடுங்கள். குடித்தவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. தூக்கத்தில் மேலே உருண்டு மூச்சு முட்டிவிடும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்திலும் சாராயம் உண்டு. ஏற்கனவே குடியிலிருந்து மீண்ட தாய்க்கு அதைக் கொடுத்தால் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். குழந்தையின் நெஞ்சில் பிராந்தி தடவுவது, ஈறில் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். காப்பர் டி, அந்தரா கருத்தடை ஊசி இரண்டும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். குடியை முழுதாக நிறுத்திய பிறகே கருத்தடையை நிறுத்துங்கள்.

படி 9: வளரும்போது விடாமல் பாருங்கள்

சாராயம் செய்த மூளைப் பாதிப்பை மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் சீக்கிரம் கண்டறிந்து பயிற்சி கொடுத்தால் பிள்ளை எவ்வளவோ முன்னேறும். ஆறு வயதுக்குள் கண்டறியப்பட்டு, அடிதடி இல்லாத நிலையான வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலச் சிக்கல்கள் குறைவாக இருந்தன என்பது சியாட்டில் ஆய்வாளர்கள் பல வருடம் தொடர்ந்து கண்டது.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா, ஒன்பது மாதத்தில் தானாக உட்காருகிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா என்று குறித்து வையுங்கள். தள்ளிப்போனால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வரும். அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, காது, கண் பரிசோதனை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும், கட்டணம் இல்லை.

பள்ளிக்கூடத்தில்தான் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகும், கணக்கு ஏறாது, ஒரு இடத்தில் உட்கார மாட்டான், அடித்தாலும் அதே தவறைத் திரும்பச் செய்வான். வாத்தியாருக்கும் வீட்டுக்கும் அது திமிராகத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கும் மூளைப் பகுதியே பாதிக்கப்பட்டிருக்கிறது, அடி அதைச் சரிசெய்யாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "பையை எடு" என்று சொல்லி, எடுத்த பிறகு "செருப்புப் போடு" என்று சொல்லுங்கள். எழுவது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சந்தைக் கூட்டத்திலும் திருவிழாச் சத்தத்திலும் அவன் மிரண்டுபோனால் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறிவுத்திறன் குறைபாடோ கற்றல் குறைபாடோ உறுதியானால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் உரிமைகள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பரிசோதிக்கும் மருத்துவரிடம் கர்ப்ப காலக் குடி பற்றி இப்போதும் மறைக்காமல் சொல்லுங்கள், பிறந்தபோது எழுதி வைத்த எடையையும் தலைச் சுற்றளவையும் கையோடு கொண்டுபோங்கள்.